வளைகுடாவில் கட்டாமல் வந்த வங்கிக் கடனும் ஊரில் உங்கள் கிறிப் அறிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைகுடாவுக்கு ஒருவரையேனும் அனுப்பாத தெரு எங்கள் பக்கத்தில் அரிது. ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி, ஆரையம்பதி தொடங்கித் தெற்கே கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை இதே கதைதான். போனவர்களில் ஒரு பகுதியினர் அங்குள்ள வங்கியில் தனிநபர் கடனோ கடனட்டையோ எடுத்து, வேலை போனதாலோ நோய் வந்ததாலோ தவணையை முடிக்காமல் ஊர் திரும்பியிருக்கிறார்கள். நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வங்கிக் கிளையின் கடன் மேசையில் நீண்டகாலம் இருந்தவன். அந்த மேசைக்கு முன்னால் குரலைத் தாழ்த்திக் கேட்கப்பட்ட கேள்விகளையும், இப்போது வீட்டுக்கு வந்து கேட்கப்படும் கேள்விகளையும் இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். இவை பொது விளக்கங்கள். உங்கள் கையில் நீதிமன்றக் கடிதமோ வழக்கு இலக்கமோ இருந்தால், அதைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டியபின்பே எந்த முடிவையும் எடுங்கள்.

கட்டாரில் எடுத்த கடனைக் கட்டாமல் வந்துவிட்டேன். அது என் கிறிப் அறிக்கையில் வருமா?

நேரடியாக வராது. கிறிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்தப் பணியகம், இலங்கையில் அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகள், லீசிங் நிறுவனங்கள் ஆகியவை அனுப்பும் தகவல்களையே சேர்த்து வைக்கிறது. தோகாவிலோ ரியாத்திலோ உள்ள வங்கி அதன் உறுப்பு நிறுவனம் அன்று. அந்த வங்கி தன் தகவலைத் தன் நாட்டுப் பணியகத்துக்கே அனுப்புகிறது: கட்டாருக்குக் கட்டார் கொடுகடன் பணியகம், சவூதிக்குச் சிமா, ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு 2014இல் செயற்படத் தொடங்கிய அல் எத்திஹாத் கொடுகடன் பணியகம்.

இதில் இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. கிறிப் ஒருவரை அடையாளங் காண்பது தேசிய அடையாள அட்டை இலக்கத்தால். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். 2016 முதல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கங்கள். டுபாய் வங்கியோ உங்களைக் கடவுச்சீட்டு இலக்கத்தாலும் எமிரேட்ஸ் அடையாள அட்டையாலும் பதிந்து வைத்திருக்கிறது. இரண்டு பதிவேடுகளும் வெவ்வேறு சாவிகளால் பூட்டப்பட்டவை. ஒன்றிலுள்ளது மற்றதற்குத் தானாக ஓடி வருவதில்லை.

அப்படியானால் வசூலிப்பவர்கள் ஏன் "கிறிப்பில் போட்டுவிடுவோம்" என்று சொல்கிறார்கள்?

பயத்தைப் போல விரைவாகப் பணத்தை வெளியே எடுக்கும் கருவி வேறில்லை என்பதால்தான். வெளிநாட்டு வங்கிகள் நிலுவைக் கடன்களை வசூல் முகவர்களிடம் கொடுத்துவிடுவதுண்டு. தொகையில் பங்கு பெறும் முகவர், கடன்பட்டவருக்கு மட்டுமல்ல, அவர் விண்ணப்பத்தில் எழுதிய உறவினர் இலக்கத்துக்கும் அழைப்பார்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தாய் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். வட்ஸ்அப்பில் வந்த ஒரு கடிதம். மேலே தராசுச் சின்னம், கீழே நீல நிற முத்திரை, நடுவில் மகனின் பெயர், "48 மணித்தியாலங்களுக்குள் செலுத்தாவிட்டால் உங்கள் குடும்பத்தார் அனைவரது பெயரும் இலங்கைக் கடன் பதிவேட்டில் சேர்க்கப்படும்" என்ற வரி. எந்த நீதிமன்றம் என்று அதில் எங்கும் இல்லை. வழக்கு இலக்கம் இல்லை. பணம் போடச் சொன்ன கணக்கு வங்கியின் பெயரில் இல்லை, ஒரு தனியாளின் பெயரில் இருந்தது. அவர் என்னிடம் வரும்போது காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. முதல் தவணையைக் காலையிலேயே அனுப்பிவிட்டிருந்தார். அந்தப் பணம் மகனின் கடன் கணக்கைச் சென்றடைந்ததற்கான பற்றுச்சீட்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகவே இவ்வளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வசூல் முகவருக்கு உங்கள் பெயரைக் கிறிப்பில் ஏற்றும் அதிகாரம் இல்லை. பிணைக் கையெழுத்து வைக்காத தாய், மனைவி, சகோதரன் எவருடைய பெயரையும் யாரும் ஏற்ற முடியாது. உண்மையான வங்கி, பணத்தைத் தனியாளின் கணக்குக்குக் கேட்பதில்லை. பேசுகிறவர் உண்மையாகவே வங்கியின் சார்பில் பேசுகிறாரா என்பதை, அவர் கொடுத்த இலக்கத்தில் அல்லாமல், வங்கியின் சொந்த இணையத்தளத்தில் உள்ள இலக்கத்துக்கு அழைத்து உறுதி செய்யுங்கள்.

கிறிப்பில் வராதென்றால், கட்டாமல் விட்டாலும் ஊரில் ஒரு பாதிப்பும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கடன் கதவால் வருவதில்லை. பக்கத்து வீட்டு வேலியால் வருகிறது. கடன் மேசையில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை மூன்று வழிகளால் வந்தவை.

முதலாவது, பயணத்துக்காக ஊரில் எடுத்த கடன். முகவருக்குக் கட்டவும் பயணச்சீட்டுக்கும் ஒருவர் இங்குள்ள நிதிக் கம்பனியில் கடன் எடுத்திருப்பார். அங்கே சம்பளம் நின்றவுடன் இரண்டு கடனும் ஒன்றாக நிற்கும். வெளிநாட்டுக் கடன் கிறிப்பில் தெரியாது, ஊர்க் கடன் தெரியும். 90 நாட்களுக்கு மேல் தவணை நின்றால் அது செயற்படாக் கடனாக வகைப்படுத்தப்படுகிறது. "டுபாய்க் கடனால் கிறிப் கெட்டுப்போயிற்று" என்று சொல்லிக்கொண்டு வந்த பலரின் அறிக்கையைத் திறந்து பார்த்தால், கெட்டிருப்பது பயணத்துக்கு முன் எடுத்த முச்சக்கரவண்டி லீசிங்காக இருக்கும்.

இரண்டாவது, பிணை. அறிக்கையில் நீங்கள் கடன்பெற்றவராக இருக்கும் கணக்குகளோடு, பிணையாளராகக் கையெழுத்திட்ட கணக்குகளும் காட்டப்படும். வெளிநாட்டில் இருக்கும் மைத்துனருக்காக நீங்கள் பிணை நின்றிருந்து, அவர் அங்குள்ள கடனைச் சமாளிக்க ஊர்த் தவணையை நிறுத்தினால், அடுத்த பெரும்போகத்துக்கு விவசாயக் கடன் கேட்டுப் போகும்போது உங்கள் பெயரில் அது எழுந்து நிற்கும். என் வீட்டிலேயே இது நடந்தது. என் மூத்த சகோதரி தன் கணவரின் தம்பிக்காகப் போட்ட ஒரு கையெழுத்தை மறந்தே போயிருந்தார். ஐந்து ஆண்டுகளின் பின் வீடு திருத்தக் கடன் கேட்டபோதுதான் அது நினைவுக்கு வந்தது. விண்ணப்பம் ஏன் நின்றது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவனாக நான் இருந்தேன்.

மூன்றாவது வழியைத் தனிக் கேள்வியாகவே எழுதுகிறேன், ஏனெனில் அதிக நட்டம் அதில்தான்.

ஊரில் லீசிங் அல்லது நுண்கடன் எடுத்து அங்குள்ள கடனை அடைத்துவிட்டால் நிம்மதிதானே?

தயவுசெய்து இதை அவசரத்தில் செய்யாதீர்கள். கிறிப்பில் இல்லாத ஒரு கடனை உங்கள் கையாலேயே கிறிப்புக்குள் கொண்டுவரும் வழி இது. டுபாய் வங்கி உங்கள் வீட்டு வாசலுக்கு வர இங்கே ஒரு நீதிமன்றத்தைக் கடக்க வேண்டும். நிதிக் கம்பனியின் வெளிக்கள உத்தியோகத்தருக்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போதும். அங்குள்ள கடனுக்குப் பொறுப்பு உங்கள் ஒருவரது கையெழுத்து. இங்கே எடுக்கும் கடனுக்கு இரண்டு பிணையாளர், சில வேளைகளில் மனைவியின் குழுக்கடன் அங்கத்துவம், உழவு இயந்திரத்தின் புத்தகம், எல்லாம் சேர்ந்துவிடும்.

கடனை அடைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கிய கடன் கடன்தான், அதை அடைப்பது கடமை. ஆனால் அங்குள்ள வங்கியிடம் எழுத்தில் தீர்வுத் தொகை கேட்டு, அதைத் தவணைகளாகப் பிரித்து, வரும் வருமானத்திலிருந்து கட்டுவது வேறு; மாதம் ஒன்றுக்கு அதைவிடக் கூடிய வட்டியில் ஊரில் வாங்கி ஒரே நாளில் கட்டிவிட்டு அடுத்த மாதமே இங்கே தவணை தவறுவது வேறு.

ஒரு கூலித் தொழிலாளிக்கு அவ்வளவு பெரிய கடனை வங்கி ஏன் கொடுத்தது?

குடும்பத்தார் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் மத்திய வங்கி 2011இல் விதித்த வரம்பின்படி, தனிநபர் கடன் மாதச் சம்பளத்தின் 20 மடங்கைத் தாண்டக் கூடாது, 48 மாதங்களுக்குள் முடிய வேண்டும், தவணைகள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேற்படக் கூடாது. 5,000 திர்ஹம் சம்பளக்காரர் ஒருவர் இந்தக் கணக்கில் 100,000 திர்ஹம் வரை எட்டலாம். வரம்பு வேலை இருக்கும் என்ற எண்ணத்தில் போடப்பட்டது. பாதிச் சம்பளம் தவணைக்குப் போக, மீதியில் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு வேலை போனால், அந்த மாதமே தவணை நின்றுவிடும்.

என் கிறிப் அறிக்கையை நானே பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். எந்தத் தனிநபரும் தன் அடையாளத்தை உறுதிப்படுத்தி, கட்டணம் செலுத்தித் தன் சொந்த அறிக்கையைப் பெறலாம். கொழும்புக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. இணையவழியாகக் கேட்பது பற்றியும் கிளை ஊடாகக் கேட்பது பற்றியும் உங்கள் வங்கியில் விசாரியுங்கள். வெளிநாடு போவதற்கு முன் ஒரு முறையும் திரும்பி வந்தபின் ஒரு முறையும் எடுத்து வைத்தால், இடையில் என்ன நடந்தது என்பது கையில் இருக்கும்.

கையில் கிடைத்ததும் முதலில் தொகையைப் பார்க்காதீர்கள். உங்கள் அடையாள அட்டை இலக்கம் சரியா, பழைய இலக்கத்திலும் புதிய இலக்கத்திலும் உள்ள கணக்குகள் இரண்டும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, கடன்பெற்றவராக எத்தனை, பிணையாளராக எத்தனை என்று எண்ணுங்கள். முடித்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் கடன் இன்னும் திறந்தே இருக்கிறதா என்று அதன்பின் பாருங்கள்.

பிழை இருந்தால், அந்தத் தகவலை அனுப்பிய வங்கியிடம் அல்லது நிதிக் கம்பனியிடம் எழுத்தில் முறையிட வேண்டும். கிறிப் தானாக எதையும் அழிப்பதில்லை. அனுப்பிய நிறுவனம் திருத்தி அனுப்பினால்தான் பதிவு மாறும். "காசு தந்தால் கிறிப்பைத் துப்புரவாக்கித் தருகிறோம்" என்று முகநூலில் விளம்பரம் செய்பவர்கள் உங்களிடம் பணத்தை மட்டுமே வாங்குவார்கள். இன்னுமொன்று: கடன் தருவதா இல்லையா என்று தீர்மானிப்பது கிறிப் அன்று. அது அறிக்கையைக் கொடுக்கிறது, தீர்மானம் வங்கியுடையது. "கிறிப் மறுத்துவிட்டது" என்று கிளையில் சொன்னால், அறிக்கையில் எந்த வரி காரணமாயிற்று என்று மரியாதையோடு கேளுங்கள்.

ஊர் வங்கியின் விண்ணப்பத்தில் "வேறு கடன்கள் உண்டா" என்று கேட்டால், வெளிநாட்டுக் கடனை எழுத வேண்டுமா?

படிவம் எப்படிக் கேட்கிறது என்று முழுமையாக வாசியுங்கள். "அனைத்துக் கடன்களும்" என்று கேட்டால் எழுதுங்கள். எழுதினால் மறுத்துவிடுவார்களே என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் கையெழுத்திடும் கூற்று பொய்யென்று பின்னர் தெரிந்தால், கொடுத்த கடனையே திருப்பிக் கேட்க வங்கிக்கு அது இடம் கொடுக்கும். கடன் மேசையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்: "அங்கே இவ்வளவு நிலுவை உண்டு, வங்கியோடு கடிதத் தொடர்பில் இருக்கிறேன், இதோ கடிதம்" என்று தாளை மேசையில் வைத்தவரை நான் ஒருபோதும் இழிவாக நினைத்ததில்லை. சம்பளம் நின்றுபோன வங்கிக் கூற்றைப் பார்த்து நானாகக் கேட்ட பிறகு உண்மையைச் சொன்னவருடைய விண்ணப்பத்தை முகாமையாளரிடம் எடுத்துச் செல்லத்தான் தயக்கமாக இருக்கும்.

அந்த வங்கிக்குக் கொழும்பிலும் கிளை இருந்தால்?

பெயர் ஒன்றாக இருந்தாலும், அங்கே எடுத்த கடன் இங்குள்ள கிளையின் கடனாகத் தானாக மாறுவதில்லை. எனினும் ஒரே குழுமத்துக்குள் வாடிக்கையாளர் தகவலைப் பகிர நீங்கள் அங்கு கையெழுத்திட்ட நிபந்தனைகள் இடம் கொடுத்திருக்கலாம். அங்கே நிலுவை வைத்த வங்கியின் இலங்கைக் கிளையிலேயே புதிய கடன் கேட்பவர், இதை முன்னரே சொல்லிவிட்டுக் கேட்பது நல்லது.

எங்கள் வீடு வளவை, உறுதிக் காணியை, வயலை வெளிநாட்டு வங்கி ஏலத்தில் விடுமா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பல இரவுகள் தூங்காமல் வருகிறார்கள், ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீதிமன்றத்துக்குப் போகாமலே ஏலம் விடும் அதிகாரம், பராட்டே என்று நாம் சொல்வது, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இங்குள்ள வங்கிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அதுவும் அந்த வங்கிக்கே ஈடு வைக்கப்பட்ட ஆதனத்துக்குத்தான். சார்ஜாவில் எடுத்த தனிநபர் கடனுக்கு உங்கள் காணி ஈடாக எழுதப்படவில்லை. எனவே அந்த வங்கி பராட்டேயில் வர இயலாது.

அதற்கு எஞ்சியிருப்பது நீதிமன்றம். வெளிநாட்டுத் தீர்ப்பொன்றை இங்கே நிறைவேற்றுவதற்குப் பிரித்தானியர் காலம் முதல் தனிச் சட்டங்கள் உண்டு, ஆனால் அவை எல்லா நாட்டுத் தீர்ப்புகளுக்கும் கதவைத் திறந்துவிடுபவை அல்ல. எந்த நாட்டுக்குப் பொருந்தும் என்பது அரசாங்கத்தின் அறிவித்தலைப் பொறுத்தது. அப்படிப் பொருந்தாதவிடத்து, வங்கி இங்கேயே புதிதாக வழக்குத் தொடர வேண்டும். அது செலவு மிக்கது. சிறிய தொகைக்கு வங்கிகள் பெரும்பாலும் அந்தளவுக்கு வருவதில்லை. வரவே மாட்டா என்று நான் உறுதி தரமாட்டேன். மாவட்ட நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால், அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடாமல் அன்றே சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள். ஆஜராகாதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு எழுதப்படும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். வளைகுடாவில் நம்மவர்கள் கேரளத்தவரோடும் தமிழ்நாட்டவரோடும் ஒரே அறையில் தங்குகிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் சிவில் நீதிமன்றத் தீர்ப்புகளை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்றலாம் என்று 2020 சனவரியில் இந்திய அரசு அறிவித்தது. அது இந்தியர்களுக்கான செய்தி. அறைத் தோழர் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு, அதே சட்டம் மட்டக்களப்புக்கும் வந்துவிட்டது என்று நம்பிக் காணியை அவசரமாக மைத்துனியின் பெயருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கடன்காரரிடமிருந்து தப்புவதற்காக எழுதிய உறுதி பின்னர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகலாம். குடும்பத்துக்குள் அது கிளப்பும் பகையோ நீதிமன்றத்தாலும் தீராதது.

ஆறு வருடம் கடந்தால் கடன் அழிந்துவிடும் என்கிறார்களே?

கடன் அழிவதில்லை, வழக்குத் தொடரும் உரிமை காலாவதியாகலாம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் எழுத்து மூல உடன்படிக்கைகளுக்குப் பொதுவாக 6 ஆண்டுகளைக் குறிக்கிறது. ஆனால் அந்தக் காலம் எப்போது தொடங்கியது என்பது எளிய கணக்கன்று. இடையில் ஒரு சிறு தொகை கட்டினாலோ "நான் தர வேண்டியது உண்மை" என்று எழுதிக் கொடுத்தாலோ கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். அத்தோடு இது இலங்கை நீதிமன்றத்துக்கான சட்டம். அந்த நாட்டில் உங்களுக்கெதிராக உள்ள பதிவுகளை இது தொடாது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பொலிஸார் பிடிப்பார்களா? இன்டர்போல் வருமா?

கடனைக் கட்ட இயலாமல் போனது மட்டும் இலங்கையில் குற்றமாகாது. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை, ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலாமை ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு எவரையும் சிறையிடக் கூடாது என்கிறது. இலங்கை 1980 முதல் அதில் ஒரு தரப்பு. இன்டர்போலும் தனிப்பட்ட பணத் தகராறுகளுக்கான அமைப்பன்று.

கடனோடு வேறொன்று சேர்ந்திருந்தால் நிலைமை மாறும். போலிச் சம்பளக் கடிதம் கொடுத்துக் கடன் எடுத்தது மோசடி. பிணையாகக் கொடுத்த காசோலை திரும்புவதும் சில நாடுகளில் குற்றவியல் விடயம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 சனவரி 2 முதல், கணக்கில் பணமில்லாமல் காசோலை திரும்புவது அதனளவில் குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் திரும்பிய காசோலையைக் கொண்டு வங்கி நேரே நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். கட்டாரில் திரும்பிய காசோலை இன்னும் தண்டனைச் சட்டத்துக்குள் இருக்கிறது. கடன் எடுத்த நாளில் வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கினார்களா என்று நினைத்துப் பாருங்கள். வாங்கியிருந்தால், அதுதான் உங்கள் வழக்கின் நடுப்புள்ளி.

மறுபடியும் வளைகுடாவுக்குப் போகலாமா?

கடன் வைத்த நாட்டுக்குள் மீண்டும் நுழையும்போது ஆபத்து உண்டு. அங்கே வழக்கோ பயணத் தடையோ இருந்தால் விமான நிலையத்திலேயே தெரியவரும். உள்ளே போனபின் வெளியே வர இயலாமற்போவதும் நடக்கிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 10,000 திர்ஹத்துக்குக் குறையாத கடனுக்காகப் பயணத் தடை கேட்க வங்கிக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. டுபாய்ப் பொலிஸின் இணையச் சேவையில் எமிரேட்ஸ் அட்டை இலக்கத்தைக் கொடுத்து, நிதி தொடர்பான வழக்கு ஏதும் உண்டா என்று இங்கிருந்தே பார்க்கலாம். ஆனால் அது டுபாயை மட்டுமே காட்டும். சார்ஜா, அபுதாபி வழக்குகள் அதில் தெரியமாட்டா.

வேறொரு வளைகுடா நாட்டுக்குப் போவதானால், அந்த நாட்டுக் கடன் பதிவேட்டில் உங்கள் பழைய கடன் தானாகத் தெரிவதில்லை. எனினும் வளைகுடா ஒத்துழைப்புப் பேரவை நாடுகளுக்கிடையே நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான உடன்படிக்கை 1996 முதல் உண்டு என்பதால், தீர்ப்பு வரை போன பெரிய கடனைச் சிறிதாக எண்ணக் கூடாது. முகவருக்கு மீண்டும் பணம் கட்டுவதற்கு முன் இதை விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

லண்டனில் படிக்கப் போன மகன் கடனட்டை நிலுவையோடு வந்துவிட்டான். அவனுக்கும் இதேதானா?

கிறிப்பைப் பொறுத்தவரை இதேதான். பிரித்தானியாவில் தவறிய கடனின் பதிவு அங்குள்ள கோப்பில் 6 ஆண்டுகள் நிற்கும். அவர் அந்தக் காலத்துக்குள் அங்கே திரும்பிப் போய் வீடு வாடகைக்கு எடுக்கவோ கைபேசி ஒப்பந்தம் எடுக்கவோ முயன்றால் அது தடையாகும்.

என் கணவர் அங்கேயே காலமாகிவிட்டார். கடன் என்மேலும் பிள்ளைகள்மேலும் வருமா?

நீங்கள் பிணைக் கையெழுத்து வைக்காதவரை, உங்கள் சொந்த உழைப்பிலிருந்து அதைக் கட்டும் சட்டப் பொறுப்பு உங்களுக்கு இல்லை. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்தே கடன் கோரலாம். சொத்தைப் பிரிக்குமுன் கடனைத் தீர்ப்பதை மார்க்கக் கடமையாகக் கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு நான் சொல்வது, கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள் என்பதே. அங்குள்ள வங்கிக் கடன்கள் பலவற்றோடு உயிர்க் காப்புறுதி சேர்ந்திருக்கும். மரணச் சான்றிதழை வங்கிக்கு அனுப்பி, "இந்தக் கடனுக்குக் காப்புறுதி உண்டா" என்று எழுத்தில் கேட்ட பிறகுதான் ஒரு சதமேனும் கொடுங்கள். காப்புறுதியால் தீர வேண்டிய கடனுக்கு விதவையொருவர் வளவை விற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. வேலை செய்த இடத்திலிருந்து வர வேண்டிய சேவைக்காலக் கொடுப்பனவு எங்கே போயிற்று என்பதையும் கேளுங்கள். அது கடனுக்கு ஈடாக எழுதப்பட்டிருந்தால் நிலுவை குறைந்திருக்க வேண்டும்.

நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வேலை போய்விட்டது. ஓடி வந்துவிடவா?

வெளியேறுமுன் வங்கிக்குப் போங்கள். வேலை முடிந்த கடிதத்தைக் காட்டித் தவணையை ஒத்திவைக்கவோ நீடிக்கவோ கேளுங்கள்; மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். கடன் ஒப்பந்தத்தின் பிரதி, கடைசிக் கணக்குக் கூற்று, கொடுத்த காசோலையின் இலக்கம் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஊருக்கு வந்தபின் அந்தத் தாள்களைத் தேடுவது கடலில் விழுந்த ஊசியைத் தேடுவது போன்றது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வங்கியோடு தகராறு இருந்தால், சனதக் என்ற நிதி முறைப்பாட்டுப் பிரிவுக்கு இணையவழியாக முறையிடலாம். நமது மத்திய வங்கிக்கு எழுதுவதில் பயனில்லை; இங்குள்ள நிறுவனங்களைப் பற்றித்தான் அங்கே விசாரிப்பார்கள்.

பேசித் தீர்க்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது, பணத்தை எப்படி அனுப்புவது?

வங்கியின் உத்தியோகபூர்வ மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். கணக்கு இலக்கம், இன்றைய நிலுவை, அதில் முதல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று கேளுங்கள். பழைய நிலுவைக்கு முழுத் தொகையைவிடக் குறைத்துத் தீர்க்க வங்கிகள் இணங்குவதுண்டு, ஆகவே முதலாவது தொகையைக் கேட்டவுடன் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மாதம் உங்களால் உறுதியாக முடிந்ததையே சொல்லுங்கள். மாரியில் கடலுக்குப் போகாத மாதங்களும் வெள்ளாமை கைக்கு வராத மாதங்களும் உங்களுக்குத்தான் தெரியும், வங்கிக்குத் தெரியாது. காலாவதி பற்றிய கேள்வி உங்கள் விடயத்தில் எழுமானால், எழுதுவதற்கு முன் மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள்.

பணத்தை உண்டியலில், அதாவது வங்கி வழியாக அல்லாமல் தனியாட்கள் கைமாற்றி அனுப்பும் முறையில், அனுப்பாதீர்கள். கட்டியதற்கு ஆதாரம் இருக்காது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. எனவே கடன் ஒப்பந்தத்தையும் தீர்வுக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் வங்கியில் வழி கேளுங்கள். அங்கே நம்பிக்கையான உறவினர் இருந்தால், அவர் கிளைக்கே சென்று உங்கள் கடன் கணக்கில் நேரடியாகக் கட்டிப் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்புவது எளிது.

முடிந்தபின் கேட்டு வாங்க வேண்டியவை: நிலுவை எதுவுமில்லை என்ற கடிதம், பிணைக் காசோலையைத் திருப்பிக் கொடுத்ததற்கான அல்லது இரத்துச் செய்ததற்கான உறுதி, வழக்கு இருந்திருந்தால் அதை வங்கி மீளப் பெற்றதற்கான நீதிமன்றத் தாள். வங்கியின் கணக்கில் கடன் முடிந்தாலும், பொலிஸிலோ நீதிமன்றத்திலோ உள்ள தடை தனியாக நீக்கப்பட வேண்டியது. வங்கி அதற்கு எழுதாதவரை அது அங்கேயே கிடக்கும். ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒருவர் எல்லாத் தவணையையும் கட்டி முடித்திருந்தும், இந்தக் கடைசித் தாளைக் கேட்காததால் இரண்டாம் பயணத்தில் விமான நிலையத்தில் ஓர் இரவு உட்கார வைக்கப்பட்டார். இப்போது அந்தத் தாளைப் பொலித்தீன் உறையில் இட்டுக் கடவுச்சீட்டோடு வைத்திருக்கிறார்.